கல்லீரலுக்கு நடந்த கருமாதி



நம் வீட்டில் ஒரு பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டால் போதும், சந்தைக்குப் போகிறவரிடம் ஆட்டு ஈரலும் சுவரொட்டியும் வாங்கி வரச் சொல்லிவிடுவார் மாமியார். “இரத்தம் ஊறும், வயிற்றுப் பிள்ளைக்கும் ஓடும்” என்பார். அன்பினால் சொல்லும் இந்தச் சிறு பேச்சுக்குள் இரண்டு பெரிய கேள்விகள் அடங்கியிருக்கின்றன. உடம்பில் இரத்தம் எங்கே உண்டாகிறது? கருவில் வளரும் குழந்தையின் உடம்பில் ஓடுவது யாருடைய இரத்தம்?

இரண்டாம் கேள்வி வெறும் பாடப்புத்தகக் கேள்வி அன்று. குடும்பங்களில் கண்ணீர் வரவழைத்திருக்கும் கேள்வி. தாய் ‘ஓ’ வகை இரத்தம், பிள்ளை ‘பி’ வகை இரத்தம் என்று மருத்துவமனை அட்டையில் எழுதி வந்துவிடுகிறது. “பெற்றவள் இரத்தம்தானே பிள்ளைக்கு ஓட வேண்டும்? இது எப்படி மாறியது?” என்று பேச்சு கிளம்புகிறது. மருத்துவமனையில் பிள்ளையை மாற்றிவிட்டார்களோ என்பார் ஒருவர். அதைவிடக் கொடிய சொல்லை வாய்விட்டுச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார் இன்னொருவர். தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் எங்களிடம் அட்டையைக் கொண்டுவந்து நீட்டிய பாட்டிமார் உண்டு.

இந்தக் கேள்விக்கு விடை தேட மனிதருக்கு ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றின் நடுவே, உடம்பின் ஓர் உறுப்புக்கே கருமாதி நடந்தது. கருமாதி முடிந்த பிறகு அந்த உறுப்பு எழுந்து வந்தது! அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர் கேலன் என்னும் கிரேக்க மருத்துவர். இன்றைய துருக்கி நாட்டில் உள்ள பெர்கமம் என்ற ஊரில் பிறந்து, ரோமாபுரியில் பேரரசர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். (கேலன்தான், காலன் அல்லர்.) நாம் உண்ணும் உணவு வயிற்றில் கரைந்து, குடலிலிருந்து ஒரு பெரிய இரத்தக்குழாய் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது, அங்கே அது இரத்தமாக மாறுகிறது, அந்த இரத்தம் வயலுக்குப் பாயும் நீர்போல உடம்பெங்கும் பாய்ந்து வற்றிப்போகிறது. இதுதான் அவர் கொள்கை. மிருகங்களை அறுத்துப் பார்த்தவருக்கு, செக்கச் செவேலென்று இரத்தம் நிரம்பிக் கிடக்கும் கல்லீரலே இரத்தத்தின் பிறப்பிடம் என்று தோன்றியதில் வியப்பில்லை. கசாப்புக் கடையில் ஈரலைக் கண்ட எவருக்கும் அப்படித்தான் தோன்றும். கேலன் சொன்னதே வேதவாக்கு என்று சுமார் 1,400 ஆண்டுகள் ஐரோப்பாவிலும் அரபு நாடுகளிலும் மருத்துவம் படித்தார்கள்.

1628-ஆம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி ஒரு கணக்குப் போட்டார். நான்காம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய பெருக்கல் கணக்குத்தான். இதயம் ஒரு துடிப்புக்கு எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது, அரைமணி நேரத்தில் எத்தனை துடிப்பு, இரண்டையும் பெருக்கு. வந்த விடை, மனித உடம்பில் உள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சியது. அவ்வளவு இரத்தத்தை அரைமணிக்கு ஒரு தடவை சோற்றிலிருந்து புதிதாகச் செய்ய எந்தக் கல்லீரலால் முடியும்? ஆகவே இரத்தம் வற்றிப்போகவில்லை, சுற்றிச் சுற்றி வருகிறது என்று நிறுவினார் ஹார்வி.

அடுத்த அடி 1651-இல் விழுந்தது. பிரான்சு நாட்டின் ழான் பெக்கே, நாயின் உடலை அறுத்துப் பார்த்தபோது, குடலிலிருந்து வரும் பால்போன்ற உணவுச்சாறு கல்லீரலுக்குப் போகாமல், நெஞ்சின் உள்ளே ஏறும் ஒரு மெல்லிய குழாய் வழியாகக் கழுத்தோரத்துச் சிரைக்குப் போய்ச் சேருவதைக் கண்டார். டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இருந்த தாமஸ் பார்த்தோலின் அந்தக் குழாய் மனித உடம்பிலும் இருப்பதைக் கண்டு, 1653-இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த நூலின் தலைப்பிலேயே கல்லீரலின் ஈமச்சடங்கு என்ற சொற்களைச் சேர்த்தார்! இரத்தம் செய்யும் அரசனாக இத்தனை காலம் வீற்றிருந்த கல்லீரல் மாண்டது என்று அதற்குக் கல்லறை வாசகமும் எழுதிவைத்தார். அறிவியல் நூல்கள் வறட்சியானவை என்று நினைப்பவர்கள் இந்த மனிதரின் குறும்பைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் இரத்தம் எங்கேதான் உண்டாகிறது? கல்லீரலைப் புதைத்தவர்களுக்கு அந்த இடத்தில் எதை உட்கார வைப்பது என்று தெரியவில்லை. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அரியணை காலியாகவே கிடந்தது.

இதற்கிடையில் இன்னொரு விஷயம் தெளிந்தது. இலண்டனில் இருந்த வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர், கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்களின் கருப்பையை ஆராய்ந்து, 1774-இல் பெரிய படங்களுடன் ஒரு நூல் வெளியிட்டார். அவரும் அவர் தம்பி ஜான் ஹண்டரும் தாயின் இரத்தக்குழாய்களில் நிறம் சேர்த்த மெழுகை உருக்கிச் செலுத்திப் பார்த்தார்கள். மெழுகு நஞ்சுக்கொடியின் தாய்ப்பக்கம் முழுதும் நிறைந்தது. குழந்தையின் கொடிக்குள் போகவில்லை. தாயின் இரத்தம் ஒரு வட்டம், பிள்ளையின் இரத்தம் வேறொரு வட்டம். இரண்டும் நஞ்சுக்கொடியில் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றனவே தவிரக் கலப்பதில்லை. லயத்தில் அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரே பலகைச் சுவர் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவர் வழியாகப் பேச்சுக் கேட்கும், குழம்பு வாசனை வரும். ஆள் வர முடியாது. அப்படித்தான் பிராணவாயுவும் சத்துப் பொருள்களும் தாண்டிப் போகின்றன. இரத்த அணுக்கள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் குடிபோய்ப் பிள்ளையை வளர்ப்பதில்லை.

தாயின் இரத்தம் வரவில்லை என்றால் பிள்ளை தன் இரத்தத்தைத் தானேதான் செய்துகொள்ள வேண்டும். இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோழி அடைகாக்கும் முட்டையைக் கேளுங்கள். மூன்று நான்கு நாள் அடையில் இருந்த முட்டையை இருட்டில் டார்ச் விளக்கின் மேல் பிடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்திவலைபோல் சிவப்பு நூல்கள் தெரியும். ஓட்டுக்குள் அடைபட்டிருக்கும் குஞ்சுக்கு எந்தத் தாய் இரத்தம் கொடுத்தது? முட்டை ஓடு மூடியாயிற்று, தாய்க்கோழி மேலே உட்கார்ந்திருப்பதோடு சரி. ஹார்வியும் முதுமையில் முட்டைகளை உடைத்து உடைத்துப் பார்த்து, மற்ற உறுப்புகள் உருவாகும் முன்பே இரத்தம் வந்துவிடுகிறது என்று எழுதியவர்தான்.

இப்போது நம் கல்லீரல் எழுந்து வரும் கட்டத்துக்கு வருகிறோம். 1846-இல் சுவிட்சர்லாந்து அறிஞர் கொல்லிக்கர், மனிதக் கருவின் இரத்தத்தையும் பாலூட்டிகளின் கருக்களையும் உருப்பெருக்கியில் ஆராய்ந்தார். நம் உடம்பில் ஓடும் சிவப்பணுவுக்கு நடுவில் கரு கிடையாது. அமுக்கிவிட்ட மாவு உருண்டைபோல் நடுவில் பள்ளமாக இருக்கும். ஆனால் சிவப்பணு குழந்தைப் பருவத்தில் இருக்கும்போது அதற்குள் கரு உண்டு. அப்படிக் கருவோடு கூடிய இளஞ்சிவப்பணுக்களை வயிற்றுச் சிசுவின் கல்லீரலில் கண்டார் கொல்லிக்கர். பிறக்காத பிள்ளையின் கல்லீரல் இரத்தம் செய்கிறது என்று சொன்னார். பார்த்தோலின் புதைத்தது பெரியவர்களின் கல்லீரலை. பிறவாத குழந்தையின் கல்லீரலை அவர் கேட்கவே இல்லை.

பெரியவர்களின் இரத்தம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு 1868-இல் விடை கிடைத்தது. கோனிக்ஸ்பெர்க் நகரில் எர்ன்ஸ்ட் நொய்மன், எலும்புகளை நசுக்கி உள்ளே உள்ள மஜ்ஜையைப் பார்த்தார். அதே கருவுள்ள இளஞ்சிவப்பணுக்கள் அங்கே குவிந்திருந்தன. அதே ஆண்டில் இத்தாலியின் பிசோசெரோவும் அதையே கண்டார். நாம் குழம்பில் உறிஞ்சிச் சுவைக்கும் நல்லி எலும்புக்குள்தான் இரத்தம் உண்டாகிறது என்பதை நம்ப மற்ற மருத்துவர்களுக்கு வெகுகாலம் ஆயிற்று. உயிரற்ற கட்டைபோல் இருக்கும் எலும்புக்குள் இத்தனை பெரிய வேலை நடக்கும் என்று யார் நினைப்பார்கள்? வளர்ந்த மனிதனின் மஜ்ஜை ஒரு நொடிக்குச் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்களைச் செய்து அனுப்புகிறது. ஒவ்வோர் அணுவும் ஏறக்குறைய 120 நாள் உழைத்து மடிகிறது.

இன்றைய அறிவின்படி கருக்குழந்தையின் கதை இதுதான். மூன்றாம் வாரத்தில், கருவோடு ஒட்டியிருக்கும் மஞ்சட்கருப் பை என்னும் சிறு பையில் முதல் இரத்தம் தோன்றுகிறது. அது அவசரத்துக்குப் போட்ட கொட்டகை மாதிரி. பெரிய உடம்புக்குப் போதாது. ஏறக்குறைய ஆறாம் வாரத்திலிருந்து கல்லீரல் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறது. ஒன்பது பத்து வாரத்தில் கருவின் எடையில் பத்தில் ஒரு பங்கு கல்லீரலாகவே இருக்கும். பெரியவர்களிடம் அது ஐம்பதில் ஒரு பங்குதான். கருவின் வயிறு முன்தள்ளி இருப்பதற்கு இரத்தம் செய்யும் இந்தப் பெரிய ஈரலும் ஒரு காரணம். ஆறேழு மாதம் வரை அதுவே தலைமைத் தொழிற்சாலை. பிறகு எலும்பு மஜ்ஜை சிறிது சிறிதாக வேலையை வாங்கிக்கொள்கிறது.

கல்லீரலுக்குள் இரத்தம் செய்யும் விதை கல்லீரலுடையதா, வெளியிலிருந்து வந்ததா? இதை 1975-இல் பிரான்சு நாட்டின் தியெதர்லென்-லியெவ்ர் அம்மையார் வெகு அழகாகச் சோதித்தார். ரப்பர் நாற்றுமேடையில் ஒட்டுக்கட்டி வளர்ந்த நமக்கு இது உடனே புரியும். காடைக் கருவை எடுத்துக் கோழியின் மஞ்சட்கருப் பையின்மேல் ஒட்டவைத்தார். காடையின் அணுவுக்கும் கோழியின் அணுவுக்கும் உருப்பெருக்கியில் வேறுபாடு தெரியும். வளர்ந்த பின் பார்த்தால், அந்தக் கருவின் நிலையான இரத்தம் காடையின் உடம்பிலிருந்தே வந்திருந்தது, பையிலிருந்து வரவில்லை. பாலூட்டிகளிலும் கருவின் பெரிய இரத்தநாளச் சுவரில் பிறக்கும் மூல அணுக்கள் இரத்த ஓட்டத்தில் மிதந்து கல்லீரலில் போய்க் குடியேறுகின்றன என்று பின்னால் தெரியவந்தது. விதை எங்கோ முளைக்கிறது. கல்லீரல் அதற்கு நாற்றுமேடை.

நாற்றுமேடையில் விதை இருந்தால் மட்டும் போதுமா? இப்போது வளர் என்று யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

அந்த உத்தரவைத் தேடிய கதை 1906-இல் பாரிசில் தொடங்கியது. கார்னோ என்பவரும் அவருடன் ஆய்ந்த டெஃப்லாந்தர் அம்மையாரும் ஒரு முயலிடமிருந்து இரத்தத்தை எடுத்துச் சோகை உண்டாக்கினார்கள். பிறகு அதன் இரத்த நீரை நல்ல முயலுக்கு ஊசிபோட்டார்கள். நல்ல முயலின் உடம்பில் சிவப்பணு கூடியது. இரத்தம் குறைந்த உடம்பு, இன்னும் செய் என்று ஏதோ ஒரு செய்தியை அனுப்புகிறது என்றார்கள். அந்தச் செய்திக்கு எரித்ரோபொயெட்டின் என்று பெயர் வைத்தது 1948-இல்.

பெயர் வைத்தார்களே தவிரப் பொருளைப் பிடிக்க முடியவில்லை. சிகாகோவில் யூஜின் கோல்ட்வாசர் என்னும் வேதியியலார் 1955-இல் இந்த வேலையை எடுத்துக்கொண்டார். சில மாதங்களில் முடித்துவிடலாம் என்று நினைத்தாராம். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது! 1957-இல் அவரும் சக ஆய்வாளர்களும் பெரிய உடம்பில் இந்தச் செய்தியை எழுதி அனுப்புவது சிறுநீரகம் என்று கண்டார்கள். ஆனால் பொருள் கைக்கு வரவில்லை. சோகை உண்டாக்கிய ஆடுகளின் இரத்தத்தை ஆண்டுக்கணக்கில் வடித்துப் பார்த்தார். போதிய அளவு கிட்டவில்லை.

ஜப்பானில் குமமோட்டோ நகரில் தகாஜி மியாகே என்ற மருத்துவர் இருந்தார். எலும்பு மஜ்ஜை வறண்டுபோன நோயாளிகளின் உடம்பு இன்னும் செய், இன்னும் செய் என்று ஓயாமல் கூவிக்கொண்டிருக்கும். ஆகையால் அவர்களின் சிறுநீரில் இந்தப் பொருள் மிகுந்திருக்கும். அந்த ஏழை நோயாளிகளின் சிறுநீரை அவர் பொறுமையாகச் சேர்த்தார். மொத்தம் 2,550 லிட்டர். அதைக் காயவைத்துப் பொடியாக்கி, பெட்டியில் இட்டு, பட்டுத்துணியில் சுற்றி, 1975-இல் தாமே சிகாகோவுக்குக் கொண்டுபோய்க் கோல்ட்வாசரிடம் கொடுத்தார். அதிலிருந்து 1977-இல் தூய்மையாகக் கிடைத்தது சுமார் 8 மில்லிகிராம். கடுகுச் சிமிழின் அடியில்கூடக் கண்ணுக்குத் தெரியாத அளவு! அந்தத் துளியை வைத்துத்தான் அதன் அமைப்பைப் படித்து, மரபணுவைக் கண்டுபிடித்து, மருந்தாகச் செய்தார்கள். 1989-இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. பெரிய ஆய்வுக்கூடம், விலையுயர்ந்த கருவி என்று பேசுகிறோமே, இந்தக் கதையின் அச்சாணி பெயர் தெரியாத நோயாளிகள் மனமுவந்து கொடுத்த சிறுநீர்தான்.

செய்தி வந்தாயிற்று. அதை வாங்கிக் காரியம் நடத்துவது யார்? இங்கேதான் இன்றைய பேச்சின் கதாநாயகராகிய நொதி வருகிறார்.

நொதி என்பதை ஆங்கிலத்தில் என்சைம் என்பார்கள். வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து நன்றாக மென்று பாருங்கள்; சற்று நேரத்தில் லேசாக இனிக்கும். எச்சிலில் உள்ள ஒரு நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுகிறது. தான் கரைந்துபோகாமல் ஒரு மாற்றத்தை விரைந்து நடத்திவைக்கும் பொருளே நொதி. எல்லா நொதியும் வெட்டும் வேலை செய்வதில்லை. சில நொதிகள் மற்றப் பொருள்களின்மேல் பாஸ்பேட் என்னும் சிறு பொட்டை வைக்கும். பொட்டு விழுந்த பொருள் வேலை தொடங்கும்.

1989-இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஆண்ட்ரூ வில்க்ஸ் என்பவர் இப்படிப்பட்ட பொட்டு வைக்கும் நொதிகளை வரிசையாகத் தேடிக்கொண்டிருந்தபோது புதிதாகச் சில கிடைத்தன. இதுவும் இன்னொன்று, அவ்வளவுதானே என்னும் அலட்சியப் பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து ஜாக் என்று வேடிக்கையாக அழைத்தார்கள். பிறகு, முன்னும் பின்னும் முகம் கொண்ட ஜேனஸ் என்னும் ரோமானிய வாயில் தெய்வத்தின் பெயரால் அந்த முதலெழுத்துக்கு மரியாதை தேடினார்கள். நமக்கு இன்று வேண்டியது ஜாக்-2. அலட்சியமாகப் பெயர் வைத்த அந்தப் பொருள் இல்லாவிட்டால் உயிர் இல்லை என்பது பத்தாண்டுக்குள் தெரிந்துபோயிற்று.

பிரட்டுக்களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபீசிலிருந்து உத்தரவுச் சீட்டு வருகிறது. சீட்டு வந்தால் மட்டும் வேலை நடக்காது. கங்காணி அதை வாங்கி, ஆளைக் கூப்பிட்டு, பேர் போட்டு, நிரைக்கு அனுப்பினால்தான் நடக்கும். இரத்த அணுவாகப் போகிற இளம் அணுவின் சுவரில் ஒரு கதவு இருக்கிறது. எரித்ரோபொயெட்டின் என்னும் சீட்டு அந்தக் கதவில் வந்து விழுகிறது. கதவுக்குத் தானாகப் பேர் போடத் தெரியாது. கதவின் உட்புறம் சாய்ந்து நிற்கும் ஜாக்-2 விழித்துக்கொண்டு, உள்ளே இருக்கும் தூதுப் பொருளுக்குப் பாஸ்பேட் பொட்டு வைக்கிறது. பொட்டு விழுந்த தூது அணுவின் நடுவறைக்குப் போய், சாகாதே, பெருகு, சிவப்பாகு என்ற ஆணையை எழுப்புகிறது. கதவோடு சேர்ந்து நிற்பது ஜாக்-2 தான் என்று 1993-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் ஜேம்ஸ் ஐலியின் குழுவினர் காட்டினார்கள்.

1998-இல், ஐலியின் குழுவும் ஜெர்மனியில் இன்னொரு குழுவும் தனித்தனியே ஒரே சோதனையைச் செய்து ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். எந்த மரபணுவும் நம்மிடம் இரண்டு படி உண்டு. தகப்பன் கொடுத்தது ஒன்று, தாய் கொடுத்தது ஒன்று. ஜாக்-2 மரபணுவில் ஒரு படியை மட்டும் கெடுத்த எலிகளை வளர்த்தார்கள். மற்றொரு படி நன்றாக இருந்ததால் அந்த எலிகளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆணும் பெண்ணும் அப்படிப்பட்டவையாக இணைந்தால், சராசரியாக நான்கில் ஒரு கருவுக்கு இரண்டு படியும் கெட்டுவிடும். எலி சூல் கொண்டிருக்கும் காலம் சுமார் இருபது நாள். ஜாக்-2 அறவே இல்லாத கருக்கள் பன்னிரண்டு பதின்மூன்றாம் நாள் வாக்கில், சோகை பிடித்து வெளிறி இறந்துபோயின.

அந்த நாள்தான் முக்கியம். மஞ்சட்கருப் பையின் முதல் இரத்தம் அவற்றுக்குக் கிடைத்திருந்தது. அதனால் அதுவரை உயிர் வாழ்ந்தன. பொறுப்பைக் கல்லீரல் ஏற்க வேண்டிய கட்டம் வந்தபோது ஏற்க முடியவில்லை. கல்லீரலில் விதை இல்லையோ என்று தேடிப் பார்த்தார்கள். இருந்தது! இரத்த அணுவாகப் போகிற இளம் அணுக்கள் குடியேறி உட்கார்ந்திருந்தன. எரித்ரோபொயெட்டினைக் கொடுத்துப் பார்த்தாலும் அவை அசையவில்லை. சீட்டு வந்தது, கதவும் இருந்தது, பேர் போட ஆளில்லை. மூன்று ஆண்டுக்கு முன், 1995-இல், சீட்டே இல்லாதபடி எரித்ரோபொயெட்டின் மரபணுவைக் கெடுத்துப் பார்த்தவர்களும் ஏறக்குறைய அதே நாளில் கருக்கள் அதே முறையில் இறப்பதைக் கண்டிருந்தார்கள்.

நேயர்களே, அந்தத் தாய் எலிகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அவற்றுக்கு நல்ல இரத்தம் இருந்தது. நல்ல ஜாக்-2 இருந்தது. அதே வயிற்றில் பக்கத்தில் கிடந்த மற்றக் கருக்கள் நன்றாக வளர்ந்தன. தாயின் இரத்தம்தான் பிள்ளைக்கு ஓடுகிறது என்பது உண்மையானால் இந்தக் கருக்கள் சாகலாமா? தாயிடம் நிறைய இருந்தும் ஒரு துளி கடன் கொடுக்க முடியவில்லை. வில்லியம் ஹண்டர் மெழுகில் கண்டதை, இருநூறு ஆண்டு கழித்து ஒரு நொதி உயிரோடு நிரூபித்தது.

ஆகவே, அட்டையைக் கொண்டுவரும் பாட்டிக்கு நாங்கள் சொல்வது இதுதான். பிள்ளையின் இரத்த வகை, தாயும் தகப்பனும் சேர்ந்து கொடுத்த மரபணுப்படி, பிள்ளையின் சொந்தக் கல்லீரலும் பின்னர் அதன் மஜ்ஜையும் செய்துகொண்டது. தாய் ‘ஓ’, தகப்பன் ‘பி’ என்றால் பிள்ளை ‘பி’ ஆகவும் இருக்கலாம், ‘ஓ’ ஆகவும் இருக்கலாம். தகப்பன் ‘ஏபி’ என்றால், தாய் ‘ஓ’ ஆக இருந்தும் பிள்ளை பொதுவாக ‘ஓ’ ஆகாது. இதில் மருத்துவமனையின் தவறும் இல்லை, பெண்ணின் தவறும் இல்லை.

தாய்க்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. சமைப்பது பிள்ளை, சாமான் கொடுப்பது தாய். சிவப்பணுவுக்கு வேண்டிய இரும்புச்சத்து முழுதும் அவளிடமிருந்துதான் போகிறது. தன்னிடம் குறைவாக இருந்தாலும் அவள் உடம்பு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத் தான் சோகையில் விழுகிறது. ஃபோலிக் அமிலமும் அப்படியே. பம்பாயில் கருவுற்ற நெசவாலைப் பெண்களிடம் கண்ட ஒருவகைச் சோகையை லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் ஆராய்ந்து, 1931-இல் அதைக் குணமாக்கியது எதனால் தெரியுமா? நம் கடைகளில் கறுப்புப் புட்டியில் விற்கும் மார்மைட்டால்! அதிலிருந்த சத்துத்தான் ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையை அலமாரியில் ஒளித்துவைக்கும் பெண்கள் இதைக் கேட்க வேண்டும். மாமியார் வாங்கிவரும் ஈரலைப் பற்றியும் ஒரு சொல்: அதில் இரும்பு உண்டு, வைட்டமின் ஏ மிக மிக அதிகமாகவும் உண்டு. அந்த அளவு கருவுக்குத் தீங்கு செய்யலாம் என்பதால், பிள்ளை உண்டாகியிருக்கும்போது ஈரலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் இன்றைய மருத்துவர்கள். கீரையும் மீனும் பருப்பும் மாத்திரையும் போதும்.

ஜாக்-2 நல்லது என்பதற்காக அது மிஞ்சியும் போகக் கூடாது. சீட்டு வராமலே பேர் போடும் கங்காணி இருந்தால் என்ன ஆகும்? 2005-இல் நான்கு ஆய்வுக் குழுக்கள் அதைக் கண்டன. இந்த நொதியின் 617-ஆம் இடத்தில் ஒரே ஒரு கண்ணி மாறிவிட்டால் அது ஓய்வே இல்லாமல் உத்தரவு போடுகிறது. இரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியாகிறது. அந்த இரத்தப் பெருக்க நோய் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 95 பேரிடம் இந்தப் பிழை இருந்தது. இது பெரும்பாலும் பிறந்த பிறகு, வயது ஏறியபின் மஜ்ஜையில் நேரும் பிழை. இந்த நொதியை அடக்கும் மருந்துக்கு 2011-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது உத்தரவுச் சீட்டை எழுதுவதும் கல்லீரல்தான், வேலை நடக்கும் இடமும் கல்லீரல்தான். பிறப்பை ஒட்டிச் சீட்டு எழுதும் வேலை சிறுநீரகத்துக்குப் போகிறது. இரத்தம் செய்யும் வேலை மஜ்ஜைக்குப் போகிறது. சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் ஏன் வெளிறிப் போகிறார்கள் என்பது இப்போது விளங்கும். அவர்கள் மஜ்ஜையில் ஜாக்-2 காத்துக்கொண்டிருக்கிறது, சீட்டு எழுத ஆளில்லை. டயாலிசிஸின்போது பலருக்கும் போடும் இரத்த ஊசி, மியாகே பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுபோன அதே பொருளின் வழிவந்தது.

பார்த்தோலின் புதைத்த பெரியவர் கல்லீரலும் பழைய தொழிலை முற்றிலும் மறந்துவிடவில்லை. மஜ்ஜை நாரேறிக் கெட்டுப்போனவர்களிடமும், தக்க சமயத்தில் இரத்தம் ஏற்றப்படாத கடுமையான தலசீமியா குழந்தைகளிடமும், இரத்த மூல அணுக்கள் மறுபடியும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் போய்க் குடியேறிக்கொள்கின்றன. அந்தப் பிள்ளைகளின் வயிறு உப்பியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். விலா எலும்புக்குக் கீழே மருத்துவர் விரல் வைத்து அமுக்கும்போது கையில் தட்டுப்படுவது, பிறக்கும் முன் செய்த வேலையைத் திரும்பவும் எடுத்துக்கொண்ட ஈரல்.